தக்காளி பாஸ்தாவும் தோசை சுடுகிறவளும்



நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கிவைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி ஒரு படம் போட்டிருந்தாள். இப்போது வங்கியில் வேலை, இரண்டு பிள்ளைகள். புதன்கிழமை ராத்திரி, நாலு தட்டு, நாலிலும் தக்காளி அரைத்துவிட்டு கிரீம் ஊற்றிய பாஸ்தா. "25 நிமிஷத்தில் முடிந்தது டீச்சர்" என்று என் பெயரையும் சேர்த்திருந்தாள். பார்த்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் படத்தைக் காணோம். என்னம்மா ஆச்சு என்று கேட்டேன். புகுந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் கீழே எழுதியிருந்தாராம்: "இதெல்லாம் ஒரு சாப்பாடா? பிள்ளைகளுக்கு நாலு தோசை சுட்டுப் போடக்கூட நேரமில்லையா?"

அவள் பதில் சொல்லவில்லை, படத்தை எடுத்துவிட்டாள். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அவளுக்காக மட்டும் எழுதவில்லை. இதே கேள்வியை நம் குடும்ப குரூப்பிலும் இரண்டு மூன்று பேர் வேறு வேறு வார்த்தையில் கேட்டிருக்கிறீர்கள். யார் யார் என்று சொல்லமாட்டேன், அவரவருக்குத் தெரியும்.

அந்த "நாலு தோசை" என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன். கணக்கு டீச்சரிடம் எண்ணைச் சொன்னால் விடமாட்டாள்.

வீட்டில் நாலு பேர். தலைக்கு மூன்று என்றால் பன்னிரண்டு தோசை. ஒரு தோசை ஊற்றி, வேகவிட்டு, திருப்பி, எடுக்க இரண்டரை நிமிஷம். மொத்தம் அரை மணி நேரம். இது தோசைக்கல் முன்னால் நிற்கும் நேரம் மட்டும். சட்னி தனி. மாவு இருக்கிறதே, வேறென்ன வேலை என்பீர்கள். மாவு தானாக வந்து ஃபிரிட்ஜில் உட்காரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அரிசி உளுந்து ஊறப்போட்டு, சாயங்காலம் கிரைண்டர் ஓட்டி, கழுவி, ராத்திரி முழுக்கப் புளிக்கவிட்டு எடுத்த மாவு அது. அந்த வேலையை ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் எழுதிவிட்டு, புதன்கிழமை தோசையைச் சுலபம் என்கிறோம்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. தோசை ஒவ்வொன்றாக வரும் பண்டம். முதல் தோசை ஒருவருக்கு, அடுத்தது அடுத்தவருக்கு. சுடச்சுட வேண்டும், ஆறினால் வறட்டி. அப்படியானால் சுடுகிறவள் எப்போது சாப்பிடுவாள்? எல்லோரும் கை கழுவிய பிறகு. சட்னிக் கிண்ணத்தில் மிச்சம் இருப்பதைத் தொட்டுக்கொண்டு, அடுப்படியிலேயே நின்றுகொண்டு, இரண்டு தோசை. மூன்றாவதை ஊற்ற அவளுக்கே அலுப்பாக இருக்கும். 34 வருடம் பள்ளிக்கூடம் போய்வந்துகொண்டே நானும் அப்படித்தான் சாப்பிட்டேன். என் அம்மாவும் அப்படித்தான். என் அம்மா உட்கார்ந்து சுடச்சுட ஒரு தோசை தின்றதை நான் பார்த்ததாக ஞாபகமே இல்லை.

தோசை மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இன்றைக்கும் முறுகலாக ஒன்று கிடைத்தால் விடமாட்டேன். என் வாதம் இவ்வளவுதான்: வேலைக்குப் போய்வந்த நாளில், ராத்திரிச் சமையல் என்பது சமைத்தவரும் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருக்க வேண்டும். தக்காளி பாஸ்தா அப்படிப்பட்ட சாப்பாடு. ஒரே சட்டியில் மொத்தமாக முடியும். முடிந்த உடனே எல்லோரும் உட்கார்ந்தாக வேண்டும், ஏனென்றால் பத்து நிமிஷம் விட்டால் குழம்பை எல்லாம் இழுத்துக்கொண்டு இறுகிவிடும். செல்போனைப் பார்த்துக்கொண்டு "வர்றேன் வர்றேன்" என்று சொல்கிறவர்களை இது காத்திருக்காது. இதை நான் பாஸ்தாவின் குறையாக நினைக்கவில்லை.

உப்புமாவும் அப்படித்தானே டீச்சர் என்று கேட்பீர்கள். ஆமாம், அப்படித்தான். கிச்சடி, வெண்பொங்கல், தக்காளி சேவை எல்லாம் அந்த வகைதான். நான் ஆசிரியர் பயிற்சிக்குப் படித்தபோது விடுதியில் ராத்திரி தோசை என்ற பேச்சே கிடையாது. அத்தனை பேருக்கு யார் நின்று சுடுவது? கிச்சடிதான். எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம், சமையல்கார அம்மா உட்பட. பாஸ்தாவை நான் உப்புமாவின் ஒன்றுவிட்ட தங்கையாகத்தான் பார்க்கிறேன். நல்ல பாஸ்தா ஆவது ரவையில்தான். துரும் என்கிற கெட்டியான கோதுமையை உடைத்த ரவை. இத்தாலியில் காய்ந்த பாஸ்தாவை அந்த ரவையில்தான் செய்யவேண்டும் என்று 1967-இல் சட்டமே போட்டார்கள். நம் கடைகளில் வாங்கும்போது பாக்கெட்டின் பின்புறத்தைப் படியுங்கள். துரும் கோதுமை ரவை என்றிருந்தால் வாங்குங்கள், மைதா என்றிருந்தால் வைத்துவிடுங்கள். மைதாவில் செய்தது சீக்கிரம் குழைந்து கூழாகும். மசாலாப் பொடி பாக்கெட்டோடு "ஐந்தே நிமிஷம்" என்று விற்கிறார்களே, அதை நான் சொல்லவே இல்லை. அதில் உங்களுக்கு மிச்சமாவது தக்காளி நறுக்குகிற நேரம்தான். அதற்குப் பதிலாக உப்பை அள்ளித் தின்கிறோம்.

இப்போது "இது நம்ம சாப்பாடு இல்லை" என்ற பேச்சுக்கு வருகிறேன். மதினிமார்கள் கோபித்துக்கொள்ளாமல் படிக்க வேண்டும்.

தக்காளி நம் சாப்பாடா? அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஸ்பெயின்காரர்கள் வழியாக ஐரோப்பா போய், போர்த்துகீசியர் காலத்தில் இந்தியாவுக்கு வந்தது. நமக்கு முதலில் இருந்தது மணத்தக்காளியும் சொடக்குத் தக்காளியும்தான். இதைச் சீமைத் தக்காளி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாளடைவில் சீமை உதிர்ந்துபோய் தக்காளி மட்டும் நின்றுவிட்டது. வீட்டில் திவசம் வந்தால் என்ன சமைக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பல வீடுகளில் அன்றைக்கு மிளகாய் கிடையாது, தக்காளி கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது. மிளகுதான் காரம். முன்னோர்களுக்குப் படைக்கும்போது மட்டும் அவை வந்தேறி, மற்ற நாளெல்லாம் சாம்பாரிலும் ரசத்திலும் வீட்டு மனிதர்.

இத்தாலிக்காரர்களுக்கும் இதே கதைதான். அங்கே தக்காளி வந்து சேர்ந்தது 16-ஆம் நூற்றாண்டில். ரொம்ப நாள் அதைச் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள். 1690-களில் நேப்பிள்ஸ் ஊரில் அன்டோனியோ லத்தீனி என்ற சமையல் நிர்வாகி அச்சிட்ட புத்தகத்தில் தக்காளிச் சாறு ஒன்று வருகிறது. அதற்கு அவர் வைத்த பெயர் "ஸ்பானிய முறை". அவருக்கே அது அடுத்த ஊர்ச் சமையல்! தக்காளியைப் பாஸ்தாவோடு சேர்த்துச் சொன்ன குறிப்பு எழுத்தில் வர அதற்குப் பிறகு ஏறக்குறைய நூறு வருடம் ஆனது. தக்காளியில் கிரீம் கலப்பது இன்னும் புதுசு, போன நூற்றாண்டின் பின்பாதியில்தான் பரவலானது. கார்போனாரா என்று ஒன்று செய்வார்கள், முட்டையும் சீஸும் போட்டது. அதில் கிரீம் ஊற்றினால் ரோம் நகரத்துப் பெரியவர்கள் சண்டைக்கு வருவார்களாம். பெரியவர்கள் எல்லா ஊரிலும் பெரியவர்கள்தான்.

நம் திண்டுக்கல் சேமியாவுக்கு வருவோம். 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் பிள்ளைகளுக்குச் சேமியா உப்புமாவும் சேமியா கிச்சடியும் உண்டு. கோதுமையை மெல்லிய இழையாகப் பிழிந்து காயவைத்தால் சேமியா, அதையே குழலாகப் பிழிந்தால் பென்னே. ஒன்று நம்ம சாப்பாடு, மற்றது பீட்சா கடைச் சாப்பாடு என்றால், வித்தியாசம் அச்சில்தான் இருக்கிறது.

சத்து விஷயத்தில் பெரியவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். துரும் பாஸ்தாவில் 100 கிராமுக்கு 12, 13 கிராம் புரதம் உண்டு, வெள்ளை அரிசியைவிட அதிகம்தான். ஆனால் இட்லி தோசையில் உளுந்து இருக்கிறது. வெறும் பாஸ்தாவும் கிரீமும் என்றால் பருப்பும் இல்லை, காயும் இல்லை. அதனால் ஒரு கைப்பிடி பச்சைப் பட்டாணியோ, ஊறவைத்து வேகவைத்த வெள்ளைக் கொண்டைக்கடலையோ சேருங்கள். அசைவ வீடென்றால் தலைக்கு ஒரு அவித்த முட்டை. இப்படிச் சேர்த்த பிறகும் குறை சொல்கிறவர்களிடம் என்னிடம் பேசச் சொல்லுங்கள்.

சரி, செய்முறை. நிறையப் பேர் கிரீம் திரிந்துபோகிறது, ஒட்டிக்கொள்கிறது என்கிறீர்கள். காரணம் தெரிந்தால் திரியாது, ஒட்டாது.

நாலு பேருக்கு 300 கிராம் பாஸ்தா போதும். முதல் வேலை தண்ணீர். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் இரண்டரை லிட்டர் தண்ணீரைப் பெரிய பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்து மூடிவிடுங்கள். முகம் கழுவிவிட்டு வருவதற்குள் சூடேறியிருக்கும். கொதித்ததும் ஒன்றரை மேசைக்கரண்டி உப்பு. பயப்படாதீர்கள், பாதிக்கு மேல் தண்ணீரோடு போய்விடும். அந்தத் தண்ணீரில் எண்ணெய் ஊற்றவேண்டாம். எண்ணெய் மேலே மிதக்கும், வடிக்கும்போது பாஸ்தா மேல் பூசிக்கொள்ளும், பிறகு குழம்பு வழுக்கிக்கொண்டு ஓடும். ஒட்டாமல் இருக்க வேண்டுமானால் போட்ட முதல் இரண்டு நிமிஷம் கிளறிக் கொடுங்கள். ஒட்டுவது அப்போதுதான்.

தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் தக்காளி. அரைக் கிலோ, பெங்களூர் தக்காளி. நாட்டுத் தக்காளி ரசத்துக்கு ராணி, இதற்கு ஆகாது. புளிப்பும் தண்ணீரும் விதையும் அதிகம். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து வருகிற இரண்டு வகையும் நம் ஊர்க் கடைகளில் பக்கத்துப் பக்கத்துக் கூடையில் இருக்கும், சதை கெட்டியாக நீளவாக்கில் இருப்பதை எடுங்கள். மிக்சி வேண்டாம். தக்காளியை இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கத்தைக் காரட் துருவியில் தேயுங்கள். சதை எல்லாம் கீழே விழும், தோல் மட்டும் கையில் நிற்கும். மிக்சி ஜாரைக் கழுவுகிற வேலை மிச்சம். பத்து வயதுப் பிள்ளை செய்யலாம், கடைசித் துண்டில் மட்டும் விரலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அகலமான வாணலியில் இரண்டு கரண்டி கடலை எண்ணெய், கொஞ்சம் வெண்ணெய். நல்லெண்ணெய் வேண்டாம், அதன் வாசம் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். பூண்டு ஆறேழு பல், நசுக்கிப் போடுங்கள். கொடைக்கானல் மலைப் பூண்டு கிடைத்தால் நாலே பல் போதும், காட்டம் அதிகம். பூண்டு சிவக்கக் கூடாது, வாசம் வந்ததும் பொடியாக நறுக்கிய ஒரு வெங்காயம். அது கண்ணாடி மாதிரி ஆனதும் அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், உடனே துருவிய தக்காளி, சிட்டிகை சர்க்கரை. பட்டாணி சேர்ப்பதானால் இப்போது. மிதமான தீயில் 12 நிமிஷம் வற்றட்டும். ஓரத்தில் எண்ணெய் தலைகாட்டும், தொக்குப் பக்குவத்துக்கு ஒரு படி முன்னால். அங்கே நிறுத்துங்கள்.

இதற்குள் தண்ணீர் கொதித்துப் பாஸ்தா உள்ளே போயிருக்கும். பாக்கெட்டில் 11 நிமிஷம் என்று போட்டிருந்தால் 9 நிமிஷத்தில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் லேசாகப் பல்லில் தட்டவேண்டும். மிச்ச வேக்காடு குழம்பில் ஆகும். வடிப்பதற்கு முன்னால் (இதை மறந்தால் எல்லாம் போச்சு) அந்தத் தண்ணீரில் ஒரு பெரிய டம்ளர் எடுத்து வையுங்கள். கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கலாக இருக்கும். அதில் இருப்பது மாவுச்சத்து. எண்ணெயையும் தண்ணீரையும் பிரியவிடாமல் சேர்த்துப் பிடித்துவைப்பது அதுதான். ஓட்டலில் குழம்பு பாஸ்தாமேல் பளபளவென்று ஒட்டிக்கொண்டிருப்பதன் ரகசியம் இதைத் தவிர பெரிதாக எதுவும் இல்லை. வடித்த பாஸ்தாவைப் பச்சைத்தண்ணீரில் அலசாதீர்கள், அந்த மாவுச்சத்துதான் போகும்.

கிரீம் 100 மில்லி. திரிவது ஏன்? பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் என்ன ஆகும் என்று ஏழாம் வகுப்பில் கேட்டிருக்கிறேன், இப்போதும் கேட்கிறேன். தக்காளியும் புளிப்புதான். புளிப்பும் சூடும் சேர்ந்தால் பாலிலுள்ள புரதம் கட்டிக்கொள்ளும். கிரீமில் கொழுப்பு அதிகம், புரதம் குறைவு, அதனால் பாலைவிடத் தாங்கும். அமுல் ஃபிரெஷ் கிரீமில் 25 சதவீதம் கொழுப்பு, அது போதும். ஆனாலும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நேராகக் கொதிக்கிற தக்காளியில் கொட்டாதீர்கள். கிண்ணத்தில் ஊற்றி, எடுத்துவைத்த சூடான தண்ணீரில் இரண்டு கரண்டி விட்டுக் கலக்கி, அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு ஊற்றுங்கள். கிரீம் இல்லையா, பத்து முந்திரிப்பருப்பை வெந்நீரில் ஊறவைத்து அரைத்துவிடுங்கள். திரியவே திரியாது. வெறும் பாலை மட்டும் ஊற்றிவிட்டு என்னிடம் வராதீர்கள்.

பாஸ்தாவைப் போட்டு, அரை டம்ளர் கஞ்சித்தண்ணீர் ஊற்றி, தீயைக் கொஞ்சம் கூட்டி ஒன்றரை நிமிஷம் புரட்டுங்கள். உப்பு இப்போதுதான் பார்க்க வேண்டும். மிளகு நுணுக்கிப் போடுங்கள். சீஸ் இருந்தால் துருவலாம், இல்லாவிட்டால் குடி முழுகாது. பேசில் இலைக்கு எங்கே போவது என்று கேட்கிறவர்கள் துளசியைப் பறிக்கப் போகாதீர்கள், அது வேறு வாசம். திருநீற்றுப் பச்சிலை இருக்கிறதே, சப்ஜா விதை தரும் செடி, அதுதான் பேசிலின் நம்மூர் உருவம். நாலு இலை கிள்ளிப் போடலாம்.

இதையெல்லாம் இவ்வளவு விலாவாரியாக எழுதுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. ஓய்வுபெற்ற பிறகு என் மாணவர்கள் வீடுகளுக்குப் போகும்போது ஒன்றைக் கவனித்தேன். சாம்பார் வைக்கத் தெரியாத ஆண்பிள்ளைகள்கூட, பாஸ்தா என்றால் அடுப்படிக்குள் வருகிறார்கள். ஏன் என்று யோசித்தேன். சாம்பார் வைத்தால் "அம்மா வைக்கிற மாதிரி இல்லையே" என்று ஒரு குரல் வரும். ரசம் வைத்தால் மாமியார் ரசத்தோடு ஒப்பிட ஒரு நாக்கு இருக்கும். பாஸ்தாவுக்கு அப்படி ஒரு பழைய நாக்கு நம் வீடுகளில் இல்லை. எந்தப் பாட்டியும் அதைச் செய்ததில்லை. அதனால் தோற்றுவிடுவோம் என்ற பயமில்லாமல் யார் வேண்டுமானாலும் கரண்டியைப் பிடிக்கலாம். வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவன், இன்று வாரத்தில் ஒரு நாள் மனைவி வருவதற்குள் இதைச் செய்துவைக்கிறான். கஞ்சித்தண்ணீரை டம்ளரில் அளந்து ஊற்றுகிறான், எனக்குச் சிரிப்பு வந்தது.

பெரியவர்களே, நம் வீட்டுப் பெண் ஒருத்தி ராத்திரி எட்டு மணிக்குத் தன் பிள்ளைகளோடு தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள் என்பதைப் பாருங்கள். தட்டில் என்ன இருந்தது என்பதை அப்புறம் பேசலாம்.

இன்னும் ஒன்றிரண்டு கேள்விகளுக்குப் பதில். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சாப்பிடலாமா என்று தம்பி கேட்டிருந்தான். ஓரளவு, கொஞ்சம் கெட்டியாக வேகவைத்து, காய் நிறையச் சேர்த்து. குழைய வேகவைத்ததைவிட அது மெதுவாகச் செரிக்கும். ஆனால் கிண்ணத்தை நிரப்பாதே, டாக்டர் சொன்ன அளவுதான் அளவு.

மறுநாள் டிபன் பாக்ஸுக்கு வைக்கலாமா என்று கேட்டவர்களுக்கு: ராத்திரியே எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், காலையில் இறுகியிருக்கும். கால் டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றி, சின்னத் தீயில் கிளறினால் பழையபடி இளகும். கிரீமை அப்போது மறுபடி ஊற்ற வேண்டாம். பள்ளிக்கூடத்தில் மதியம் வரை இருக்க வேண்டும், நம் ஊர் வெயிலில் கெட்டுவிடும். டிபனுக்குத்தான் செய்கிறீர்கள் என்றால் கிரீம் சேர்ப்பதற்கு முன்பே ஒரு பங்கைத் தனியாக எடுத்துவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்